முழங்கை நீளம்

அது குடை இல்லை தம்பி. தூண்டில். தொடாதீங்க, முள்ளை இன்னும் கழற்றவில்லை. காலையிலிருந்து மூன்று பேரைக் குத்திவிட்டது. அந்த மூன்றில் இரண்டு பேர் நான்தான்.

உட்காருங்க. பையை மடியில் வைத்துக்கொள்ளுங்க. மேலே வைத்தால் வளைவுக்கு வளைவு என் தலையில் விழும்.

எங்கே மீன் பிடித்தீர்கள் என்றா கேட்டீங்க? கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டாச்சு. மேட்டுப்பாளையம் வரைக்கும் நேரம் கிடக்கிறது, சொல்கிறேன். ஆனால் மெல்லத்தான் சொல்வேன். அதோ பாருங்க, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஊதாச் சேலை, எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். அவள் என் வீட்டுக்காரி. பூவாத்தாள். பின்னால் உட்கார்ந்தால் வாந்தி வரும் என்று முன்னால் போய்விட்டாள். நல்லதாகப் போயிற்று. அவள் காதில் விழக் கூடாத விஷயம் இது.

நீங்க என் முகத்தைப் பார்த்துப் பேசுங்க. எனக்குக் காது மந்தம். மில்லில் தறிக்கூடத்தில் முப்பத்தொரு வருஷம். இருநூறு தறி ஒரே கூரைக்குக் கீழே ஓடும். அங்கே யாரும் காதால் கேட்டதில்லை. உதட்டைப் பார்த்தே என்ன சொல்கிறான் என்று படித்துவிடுவோம். காது எதற்கு என்று இருந்துவிட்டேன். வேலையை விட்டு வீட்டுக்கு வந்த பிறகுதான் தேவைப்பட்டது. அதற்குள் அது போய்விட்டது.

நான் சத்தம் போட்டுப் பேசுகிறேன் என்று மகள் சொல்வாள். அது அந்தக் காலம். இப்போது குறைத்துக்கொண்டேன். இப்படிப் பேசினால் அடுத்த சீட்டுக்கே கேட்காது.

என்ன, கையை இப்படிக் கீழே அமுக்குகிறீங்க? ஜன்னல் ஷட்டரா? இறக்கிவிடுங்க. எனக்கும் குளிர்தான்.

எழுபத்தொன்பதாம் வருஷம். எனக்குக் கல்யாணமாகி நாலாவது மாசம். மில்லில் ஊட்டிக்கு டூர் போட்டார்கள். கொரமந்து ஏரியில் ட்ரவுட் மீன் பிடிக்கலாம் என்று எவனோ சொன்னான். இவள் பவானி ஆற்றங்கரையில் பிறந்தவள். அவள் அப்பன் வலை போடுகிற ஆள். கிளம்பும்போது வாசலில் நின்று சிரித்தாள். "உங்களுக்கு மீன் திங்கத்தானே தெரியும்" என்றாள். எனக்கு அப்போதும் இதே மூக்கு, இதே கோபம். "மீனில்லாம இந்தப் படி ஏற மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனேன். வாய்.

ஏரி என்றால் பெரிய ஏரி இல்லை. நம்ம சிங்காநல்லூர்க் குளத்தில் ஒரு மூலைக்குக் காணாது. நாலு பேர் போனோம். அஞ்சு மணி நேரம் தூண்டிலைப் போட்டேன். ஒரு தவளை கூட எட்டிப் பார்க்கவில்லை. படி ஏற வேண்டுமே. ஏரிக் காவல்காரன் ஒருத்தன் இருந்தான். விடுதிக்காரர்களுக்கென்று பிடித்துச் சுத்தம் பண்ணின மீன் அவன் கூடையில் கிடந்தது. ஒன்று கொடு என்றேன். அவன் என் தோளைப் பார்த்தான். தோளில் துண்டு. என் மச்சான் ஆறுச்சாமி, இவள் தம்பி, கல்யாணத்துக்குப் போட்ட பச்சைக் கரைத் துண்டு. அவனுக்குக் குளிர், எனக்கு மானம். துண்டை உருவிக் கொடுத்தேன். மீனைப் பெரணி இலையில் சுற்றிக் கொடுத்தான்.

அவ்வளவுதான் தம்பி. நான் பிடித்த மீன் அதுதான்.

கூட வந்த மூன்று பேரும் வாயைத் திறக்கவில்லை. அவனவன் சங்கதி ஒவ்வொன்று என் கையில் இருந்தது. இப்போது மூன்று பேரும் இல்லை. போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நான் ஒருத்தன்தான் மிச்சம்.

வீட்டுக்கு வந்து மீனை இவள் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். குடல் இல்லை, செவுள் இல்லை, பளிச்சென்று இருக்கிறது. "ஏனுங்க, யாரு கழுவினது?" என்றாள். "நான்தான்" என்றேன். நான் அதுவரைக்கும் வீட்டில் ஒரு டம்ளர் கழுவினதில்லை. அதற்குப் பிறகும் இல்லை. "துண்டு எங்கீங்க?" என்றாள். "மீன் இழுத்த இழுப்புல ஏரிக்குள்ள போயிருச்சு" என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். அப்புறம் அடுப்பைப் பற்றவைக்கப் போய்விட்டாள். நம்பிவிட்டாள். வெள்ளந்தி.

அதோடு முடிந்திருக்கும். மறுநாள் லைன் வீடு முழுக்கச் சொல்லிவிட்டாள். எங்க வீட்டுக்காரர் ஊட்டி மலையில் ட்ரவுட் பிடித்தார் என்று. மில்லில் எனக்கு ட்ரவுட்டு நாச்சிமுத்து என்று பேர் விழுந்தது. கேட் செக்யூரிட்டி முதற்கொண்டு அப்படித்தான் கூப்பிட்டான்.

நிஜத்தில் அந்த மீன் ஒரு சாண். சத்தியமாக ஒரு சாண். மகள் பிறந்தபோது ஒன்றரைச் சாண் ஆயிற்று. மகளுக்குக் கல்யாணம் பேசும்போது சம்பந்தி வீட்டில் முழங்கை நீளம் என்றாள். நான் வளர்க்கவில்லை தம்பி. நான் அதைப் பற்றி வாயே திறக்க மாட்டேன். வளர்த்ததெல்லாம் அவள்தான். தீனி போட்டு வளர்த்த மாதிரி வளர்த்தாள்.

மறுத்துச் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை தெரியுமா? யோசித்துப் பார்த்தேன். என்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல அவளிடம் வேறு ஒன்றும் கிடையாது. நான் மேஸ்திரி ஆகவில்லை. சொந்த வீடு கட்டவில்லை. நாலு பேரிடம் சிரித்துப் பேச வராது. சினிமாவுக்குக் கூட்டிப்போனால் இடைவேளைக்கு முன்னாலேயே தூங்கிவிடுவேன். அவள் கையில் இருக்கிறது ஒரே ஒரு மீன். அதுவும் துண்டுக்கு மாற்றின மீன். அதையும் பிடுங்கிவிட்டால் அவள் எதை வைத்துக்கொண்டு பேசுவாள்?

நமக்கு முன் சீட்டில் இருக்கிற அந்தம்மா எதற்குத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறது? பின்னால் யானை வருகிறதா? இல்லையே.

சரி. போன மாசம் பேத்திக்குக் காதுகுத்து. பந்தி நடக்கிறது. இவள் வழக்கம் போல ஆரம்பித்தாள். மீன் பேச்சு. ஆறுச்சாமி எதிரே உட்கார்ந்து வடையைப் பிய்த்துக்கொண்டிருந்தான். "ஏக்கா, மாமன் மீன் புடிச்சதை நீ பாத்தியா?" என்றான். இவள் அடுத்த இலைக்குச் சாம்பார் ஊற்றினாள். "இந்தப் பந்தியில பாத்தவன் ஒருத்தன் இருந்தா எந்திரிச்சு நிக்கச் சொல்லு. என்ற துண்டு போனதுதான் மிச்சம்" என்றான். பந்தியே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன், வேறென்ன பண்ண? இவள் மட்டும் சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அப்புறம் அன்றைக்கு முழுக்க வெளியே வரவில்லை.

மறுநாள் காப்பி கொடுக்கும்போது சொன்னாள். "என்னை அந்த ஏரிக்குக் கூட்டிட்டுப் போங்க. நீங்க மீன் புடிக்கறதை என்ற கண்ணால நான் ஒரு தடவை பாக்கோணும்."

காப்பியைக் கீழே வைத்துவிட்டேன். நாற்பத்தைந்து வருஷமாக இதைத்தான் தள்ளிக்கொண்டு வந்தேன். அவள் முன்பு கேட்டபோதெல்லாம் ஏரியை மூடிவிட்டார்கள் என்பேன், ரோடு சரிந்துவிட்டது என்பேன். இந்தத் தடவை யானை நடமாட்டம் என்றேன். "நாப்பத்தஞ்சு வருசம் உங்களோட இருந்துட்டேன். யானை என்னை என்ன பண்ணிரும்?" என்றாள்.

மாப்பிள்ளை வேறு அனுமதிச் சீட்டு எடுத்து, ரூம் போட்டு, இந்தத் தூண்டிலையும் வாங்கிக் கொடுத்துவிட்டார். நல்லவர். நல்லவர்கள்தான் நம்மைக் கொல்வார்கள்.

இன்று காலை ஏழு மணிக்குக் கொரமந்து ஏரி. ஏரி இருந்த இடத்தில் பனி. வெள்ளைத் துணியைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி. இத்தனை வருஷம் காத்திருந்தவளுக்கு இயற்கைக் காட்சி அவ்வளவுதான். கரையில் நின்று கேட்டாள்: "எந்த எடத்துல நின்னு புடிச்சீங்க?"

ஒன்றும் தெரியவில்லை என்ற தைரியத்தில் கையை நீட்டினேன். "அதோ, அந்தப் பாறை மேல."

பனி விலகியது. நான் காட்டின இடத்தில் கக்கூஸ் இருந்தது. ஆண்கள், பெண்கள் என்று போர்டோடு.

"அப்ப இது இல்லை" என்றேன்.

"அப்பப் பாறையாத்தான் இருந்திருக்குமுங்க" என்றாள்.

ஏரிக்குக் காவல் இப்போது போஜன் என்று ஒரு ஆள். ஐம்பது வயசு இருக்கும். மரியாதையான மனுஷன், ஆனால் பேச்சு அதிகம். நான் மில்லுக்காரன் என்று தெரிந்ததும் பிடித்துக்கொண்டான். "எங்கப்பாவும் இங்கதான் காவலுங்க ஐயா. முன்ன ஒரு தடவை கோயமுத்தூர் மில்லுக்காரங்க வந்தாங்கன்னு சொல்லுவாரு. அதுல ஒருத்தரு குடுத்த துண்டு எங்க வீட்ல ரொம்ப நாளு கெடந்துதுங்க. பச்சைக் கரை போட்டது."

எனக்கு இருமல் வந்தது. நிஜமாக வரவில்லை, வரவழைத்தேன். குனிந்து, நிமிர்ந்து, கரையில் உட்கார்ந்து இருமினேன். போஜன் தண்ணீர் கொண்டுவர ஓடினான். இவள் ஏரியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ற தம்பி போட்ட துண்டும் பச்சைக் கரைதான்" என்றாள். "இன்னும் அடியிலதான் கெடக்கும், இல்லீங்களா?"

"ஆமா" என்றேன்.

"பெரிய மீனு. இழுத்துட்டுப் போயிருச்சு."

"ஆமா."

பாவம். அந்தத் துண்டை அவள் இன்னும் மறக்கவில்லை.

அப்புறம் தூண்டில். மண்புழு கூடாதாம், மாவு கூடாதாம். பளபளவென்று ஒரு தகடு, அதை வீசி வீசி இழுக்க வேண்டுமாம். நான் மைதாவில் பெருங்காயம் போட்டு உருட்டிச் சட்டைப் பையில் ஒளித்து வைத்திருந்தேன். போஜன் மூக்கைத் தூக்கினான். "ஐயா, உங்ககிட்ட சாம்பார் வாசம் வருதுங்களே" என்றான். எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

முதல் வீச்சு. முள் என் குரங்குக் குல்லாயில் மாட்டி, குல்லாய் பறந்துபோய் ஏரி நடுவில் விழுந்தது. போஜன் அதைக் கழியால் இழுத்துக் கரை சேர்த்தான். இரண்டாவது வீச்சு, அவள் முறுக்குப் பை. மூன்றாவது, போஜன் காது. லேசாகத்தான். நாலாவதும் அஞ்சாவதும் நான். ஆறாவது, பின்னால் இருந்த காட்டுப் பூவரசு மரம். மரம் விடவில்லை, நூலை அறுக்க வேண்டியதாயிற்று.

"அன்னிக்கும் இப்படித்தான் வீசினீங்களா?" என்றாள். முறுக்கைத் தின்றுகொண்டே கேட்டாள்.

"அன்னிக்குக் காத்து இல்லை" என்றேன்.

இன்றைக்கும் காற்று இல்லை.

மூன்று மணி நேரம் தம்பி. எனக்குத் தோள் கழன்றுவிட்டது. மீன் ஏரியில் இருப்பது தெரிகிறது, அங்கங்கே துள்ளுகிறது, என்னைச் சுற்றி மட்டும் இல்லை. அவள் மடக்கு நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை. நாளைக்கு ஆறுச்சாமியிடம் என்ன சொல்வாள்? பார்க்கப் போனேன், குல்லாயைப் பிடித்தார் என்றா? சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். இந்தா பார், அன்றைக்கும் நான் பிடிக்கவில்லை என்று. வாய் வரைக்கும் வந்தது. அவளைப் பார்த்தேன். புதுச் சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தாள், ஏரிக்கு. திரும்ப வீச ஆரம்பித்துவிட்டேன்.

நடுவில் அவளும் போஜனும் தள்ளிப் போய் ரொம்ப நேரம் பேசினார்கள். என்ன பேசினார்களோ, அவள் முதுகு என் பக்கம் இருந்தது, படிக்க முடியவில்லை. போஜன் மேட்டுக்கு ஏறிப்போய் ஒரு சாக்குப்பையோடு வந்தான். "பையில என்ன?" என்றேன். "விறகுங்க" என்றான். நனைந்த விறகு. சொட்டிக்கொண்டிருந்தது. மலைக்காரர்கள் எதையும் பத்திரமாக வைக்க மாட்டார்கள்.

அப்புறம் இவள் என் காலைக் காட்டினாள். அட்டை. வேட்டியைத் தூக்கிப் பார்க்கிறேன், வரிசையாகத் தொங்குகிறது. "மேல குடிசைக்குப் போய் உப்புப் போட்டு எடுத்துட்டு வாங்க. தூண்டிலை நான் புடிச்சுக்கறேன்" என்றாள். போனேன். பதினோரு அட்டை. ஏரிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்தேன். என் உடம்பில் ரத்தம் இருப்பதே அப்போதுதான் தெரிந்தது.

திரும்பிப் பார்க்கிறேன், போஜன் தன் தலைத்துண்டை ஆட்டுகிறான். கத்தியிருப்பான், எனக்கெங்கே கேட்கும்? ஓடினேன். அட்டை எடுத்த காலோடு ஓடினேன். இவள் தூண்டிலை என் கையில் திணித்தாள். "மாட்டிருக்குதுங்க! புடிங்க! நீங்க போட்ட தூண்டில்தான், நான் சும்மா புடிச்சுட்டு நின்னேன். நீங்களே இழுங்க!"

இழுத்தேன். பாரம். நல்ல பாரம். ட்ரவுட் என்றால் துள்ளும், வளைந்து ஓடும், நூலை அறுக்கும் என்று மாப்பிள்ளை போனில் படம் காட்டியிருந்தார். இது ஒன்றும் பண்ணவில்லை. சுற்றச் சுற்ற நேராக வந்தது. நல்ல குணமுள்ள மீன். கரையில் எடுத்துப் போட்டேன், ஒரு அசைவு இல்லை. குளிரில் விறைத்திருக்கும், வேறென்ன. முழங்கை நீளம் இருந்தது தம்பி. இதோ, இங்கேயிருந்து இதுவரைக்கும். வயிற்றில் ஒரு பெரணி இலை ஒட்டியிருந்தது. ஏரி நடுவில் பெரணி எப்படி வந்தது என்று இப்போதும் யோசிக்கிறேன். இந்த மலையில் எல்லாமே கோளாறுதான்.

நான் குதித்தேன். எழுபத்தொரு வயசுக் கிழவன், ரத்தம் வடிகிற கால், நனைந்த குல்லாய். குதித்தேன். போஜன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். தோள் குலுங்கியது. அவனுக்கும் சந்தோஷம் போலிருக்கிறது.

இவள் மீனைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். "போதுமுங்க" என்றாள். "என்ற கண்ணால பாத்தாச்சு. இனி எவன் கேட்டாலும் நான் சொல்லுவேன்."

மீனைப் போஜனிடமே கொடுத்துவிட்டாள். அவன் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. தன் சொந்த மீனை வாங்குகிற மாதிரி வாங்கிச் சாக்கில் போட்டுக்கொண்டான். சாக்கில் விறகைக் காணோம்.

இதையெல்லாம் உங்களிடம் எதற்குச் சொல்கிறேன்? இன்றைக்குப் பிடித்தது நிஜ மீன். நிஜ மீன் ஒன்று வந்த பிறகு அந்தப் பொய் மீன் நெஞ்சில் முள்ளாக நிற்கிறது. யாரிடமாவது கக்கிவிட வேண்டும். அவளிடம் முடியாது. நீங்க மேட்டுப்பாளையத்தில் இறங்கிவிடுவீங்க. அதனால் உங்களிடம். அவளுக்குத் தெரிந்தால் அப்புறம் அவளுக்கு என்ன மிச்சம், சொல்லுங்க?

மறுபடியும் எதற்குக் கையை அமுக்குகிறீங்க? ஷட்டர் இறக்கித்தானே இருக்கிறது.

பர்லியாறு வந்தாச்சு. பஸ் நின்றுவிட்டது. டீக் குடிக்கிறதென்றால் போய்க் குடியுங்க. ஒருத்தரும் இறங்கக் காணோமே? எல்லாரும் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து என்னையே பார்க்கிறார்கள். என் குல்லாயில் என்ன இருக்கிறது?

இருங்க. அவள் எழுந்துவிட்டாள். போனைக் காதில் வைத்திருக்கிறாள். இந்தப் பக்கம் திரும்பிவிட்டாள், நல்லது, உதட்டைப் படித்துவிடலாம். ஆறுச்சாமியிடம் பேசுகிறாள் தம்பி. நான் படித்துச் சொல்கிறேன் கேளுங்க.

"டேய் ஆறுச்சாமி... ஆமா, ஏரிக்குப் போயிட்டு வாரோம்... பாத்தேன்டா. என்ற ரெண்டு கண்ணால பாத்தேன். உங்க மாமன் ஒத்தை இழுப்புல இழுத்துப் போட்டாரு. மொழங்கை நீளம்... என்னது? அன்னிக்கு மீனா? அதுவும் மொழங்கை நீளந்தான்டா. அதைக் கழுவினது ஆரு? நான்தானே கழுவினேன். குடலும் செவுளும் எடுக்கவே எனக்கு அரை மணி நேரம் ஆச்சு. துள்ளிட்டுக் கெடந்துது. வையி போனை."

உட்கார்ந்துவிட்டாள். எலுமிச்சம்பழத்தை எடுத்துவிட்டாள்.

பார்த்தீங்களா தம்பி? அவள் கழுவினாளாம். துள்ளியதாம். நான் கழுவினேன் என்றுதான் அன்றைக்குச் சொல்லியிருந்தேன், அதையே மறந்துவிட்டாள். வயசாகிவிட்டது, பாவம். ஆனால் ஒன்று தெரிந்துபோயிற்று. நான் இவ்வளவு நேரம் பேசினதில் ஒரு வார்த்தை அவள் காதில் விழவில்லை. மெல்லப் பேசினேனோ, பிழைத்தேனோ.

அது சரி, இந்தக் கண்டக்டர் எதற்கு என் தோளைத் தட்டிவிட்டுப் போகிறான்? நான்தான் டிக்கெட் வாங்கிவிட்டேனே.